புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை

கேள்வி: என் பெட்ரோல் கார் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடுகிறது. நன்றாக ஓட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போது நிறுத்தினால், சில சமயம் மறுபடி செல்ஃப் எடுப்பதில்லை. 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. பேட்டரியை மாற்றியாகிவிட்டது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு சாமானாக மாற்றிக்கொண்டே போனால் செலவுதான் ஏறும். பேட்டரியில் அது ஏற்கெனவே நடந்துவிட்டது, எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த 'டக்' சத்தத்தைக் கவனித்து எழுதினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. சாவியிலிருந்து செல்ஃப் சோலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரன்ட்டை இணைத்துவிடும் காந்த சுவிட்ச்) வரை கரன்ட் போகிறது என்று அர்த்தம். 'டக டக டக' என்று விடாமல் அடித்திருந்தால் பேட்டரியையும் டெர்மினலையும் சந்தேகப்படலாம். இன்ஜின் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார் என்று தேட வேண்டும். உங்களுக்கு அந்த வேலை இல்லை.

நான் முதலில் பார்ப்பது எர்த்தை. பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயரோ பின்னல் பட்டையோ இருக்கும். அதன் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. செல்ஃப் சுற்றும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். அந்த இடத்தில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். சூடு ஏறினால் இது இன்னும் மோசமாகும். செம்பு 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை ஏறக்குறைய கால் பங்கு கூடும். ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும், அதனால் அது பளிச்சென்று எரிந்து ஏமாற்றும்.

அடுத்த முறை மக்கர் செய்யும்போது கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புக்கு மாட்டுங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் கேபிள் போகக் கூடாது. உடனே கிளம்பிவிட்டால் கோளாறு எர்த்தில்தான். கழற்றித் தேய்த்து இறுக்கினால் போதும், பட்டை அரித்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. ஒரு முனை மைனஸ் முளையில், மறு முனை இன்ஜின் இரும்பில். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பிளஸ் முளைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அதே மாதிரி பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்து, அப்புறமும் வெறும் 'டக்' மட்டும் வந்தால் மெக்கானிக் சொன்னதுபோல் செல்ஃப்தான். அப்போதும் முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சோலினாய்டின் காண்டாக்ட், கார்பன் பிரஷ் இரண்டையும் பல மோட்டார்களில் தனியாக மாற்ற முடியும். காரை ஆறவிட்டுக் கொண்டுபோகாதீர்கள், நன்றாக ஓட்டிச் சூடாக்கியே அவர் முன்னால் நிறுத்துங்கள்.