எறும்பின் இடுப்புக் கணு இரண்டாம் கண்டமாவது எப்படி

வணக்கம். கட்டெறும்பின் இடுப்புக் கணு, அதாவது இடுப்பில் முடிச்சுப்போல் தெரியும் பகுதி, உங்களுக்கு வயிற்றின் முதற்கண்டமாகத் (முதல் உடல் வளையமாகத்) தெரிய, பாடநூல் அதை இரண்டாம் கண்டம் என்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பாடநூல் சொல்வது சரியே. எறும்பு, குளவி, தேனீ ஆகியவற்றின் இடுப்பு மார்புக்கும் வயிற்றுக்கும் இடையில் அமைந்ததன்று. கூட்டுப்புழுப் பருவத்தில் வயிற்றின் முதற்கண்டம் மார்போடு இணைந்துவிடுவதால், அதற்கும் இரண்டாம் கண்டத்துக்கும் நடுவிலேயே ஒடுக்கம் விழுகிறது. எறும்பில் அவ்விரண்டாம் கண்டமே கணுவாகிறது. தீயெறும்பில் மூன்றாம் கண்டமும் கணுவாகியிருப்பதால் அங்கே இரண்டு கணுக்களைக் காண்பீர்கள்.

இடுப்பின் பயன் என்ன என்ற கேள்வி இன்னும் சுவையானது. ஒட்டுண்ணிக் குளவி தன் முட்டையிடும் குழலை வேண்டிய திசையில் வளைத்துப் புழுவின் உடலுக்குள் செலுத்த இவ்வொடுக்கம் பெரிதும் உதவுகிறது. ஆயினும் பரிணாமத்தில் ஒட்டுண்ணி வாழ்க்கை இடுப்புக்கு முந்தியது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் இடுப்புடைய இனங்களுக்கு மிக நெருங்கிய உறவான ஒரூசிடே என்னும் குளவிக் குடும்பத்துக்கு இடுப்பே இல்லாதபோதும், அதன் இளம்புழுக்கள் மரந்துளைக்கும் வண்டுப்புழுக்களைத் தின்றே வளர்கின்றன. உணவுக்குழலும் நரம்பு வடமும் இக்குறுகிய வழியே செல்லவேண்டியிருப்பதால், வளர்ந்த எறும்பு பெரும்பாலும் திரவ உணவையே விழுங்குகிறது.

மாதிரியை மறுபடி பார்க்கும்போது, மார்பின் பின்சரிவை முதற்கண்டமாகக் கொண்டு எண்ணுங்கள், கணக்குப் பொருந்தும்.