பழைய டிரான்சிஸ்டரில் இரைச்சல் மட்டும் வருகிறதா? போர்டைக் கழற்ற விடாதீர்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா 1970களில் வாங்கிய இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டரைப் பரணிலிருந்து எடுத்தேன். நாலு பெரிய செல் போடுவது. புது செல் போட்டும் 'உஸ்' என்று இரைச்சல்தான் வருகிறது, ஸ்டேஷன் இல்லை. வால்யூமைத் திருகினால் கரகர. தருமபுரி வானொலிகூட எடுக்கவில்லை. கடையில் 'உள்ளே எல்லாம் போச்சு, 900 ரூபாய்க்குப் புது கிட் போட்டுடலாம், புளூடூத்தும் வரும்' என்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சால்டரிங் தெரியும். நானே பார்க்கலாமா?"

தாராளமாகப் பார்க்கலாம். முதல் வேலையாக அந்தக் கடையிலிருந்து செட்டை வாங்கி வந்துவிடுங்கள். ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது என்றால் ஸ்பீக்கர், அதை ஓட்டுகிற பின்பகுதி, செல் இணைப்பு எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். "எல்லாம் போச்சு" என்று சொல்பவர் பின்மூடியைத் திறந்தே பார்க்கவில்லை.

தருமபுரி நிலையம் பண்பலையில் வருவது. உங்கள் செட்டில் இருப்பது மத்திய அலையும் (மீடியம் வேவ்) சிற்றலையும் (ஷார்ட் வேவ்) மட்டும். அதில் பண்பலை எந்தக் காலத்திலும் வராது, அது பழுதும் இல்லை. நம் பக்கத்தில் சோதித்துப் பார்க்க பெங்களூரு 612 கிலோஹெர்ட்ஸ் வசதி, டயலில் 600 போட்டிருக்கும் இடத்தை ஒட்டி மெதுவாகத் திருப்புங்கள். இரவானால் சென்னை 720ஐயும் தேடிப் பாருங்கள். முள்ளை மட்டும் திருப்பாமல் செட்டையே கால் வட்டம் சுற்றிப் பாருங்கள், உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் ராடு என்ற கறுப்புக் குச்சி ஒரு திசையில்தான் நன்றாக வாங்கும்.

அதையும் வீட்டுக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவை எல்லாம் மத்திய அலையில் கொட்டுகிற குப்பையில் நல்ல செட்டும் உஸ் என்றுதான் கத்தும். மெயினை அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் செட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு நூறு அடி தள்ளி, மாந்தோப்புப் பக்கம் போங்கள். பழுதே இல்லாத செட்டுகள் இந்த ஒரு காரணத்துக்காகவே என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஐம்பது ரூபாய் பல்பு ஊரையே செவிடாக்குகிறது, அதை யாரும் சோதிப்பதாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் மத்திய அலை ஒலிபரப்பிகளை நாடு முழுக்க ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருகிறார்கள். டவர் இல்லாத மலைக் கிராமத்துக்காரர் எதைக் கேட்பார் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. சரி, செட்டுக்கு வருவோம்.

தோப்பிலும் ஒன்றும் வரவில்லை என்றால் திறக்கலாம். செல் தொடும் ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்துவிடுங்கள். அப்புறம் பேண்ட் சுவிட்சை இருபது முப்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுங்கள், வால்யூமையும் அப்படியே முழுக்கத் திருகித் திருகி விடுங்கள். பரணில் கிடந்த செட்டில் இதற்கே பாதி உயிர் வந்துவிடும். கரகர போகவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரே ஒரு பீச்சு போதும். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் விடவே விடாதீர்கள், ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தூசி ஒட்டிச் சேறாகிவிடும்.

அடுத்து, செட் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடுங்கள். ஆறு வோல்ட்தான், ஷாக் அடிக்காது. 'டொக்' என்று ஸ்பீக்கரில் பலமாகக் கேட்டால் பின்பகுதி நன்றாக இருக்கிறது, கோளாறு ஸ்டேஷனைப் பிடிக்கும் முன்பகுதியில்தான். இரைச்சல் மட்டும் வருகிற செட்டில் நான் முதலில் பார்ப்பது ஃபெரைட் ராடில் சுற்றிய காயிலின் முனைகளைத்தான். தலைமுடி மாதிரி ஏழெட்டு இழை சேர்த்து முறுக்கிய கம்பி அது, எலி இழுத்தாலோ யாராவது அவசரமாகத் திறந்தாலோ போர்டில் பற்ற வைத்த இடத்திலேயே அறுந்துவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இழையிலும் வார்னிஷ் பூச்சு உண்டு, எல்லாவற்றிலும் ஈயம் ஏறினால்தான் பற்று பிடித்ததாகக் கணக்கு. 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பக்கத்தில் டிரான்சிஸ்டர் கால் இருந்தால் அதை நோஸ் பிளேயரால் பிடித்துக்கொண்டு பற்ற வையுங்கள், பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் சூடு தாங்காது.

மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று தலையில் வண்ணம் பூசிய சின்ன டப்பாக்கள் நாலு தெரியும், ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் காயில்கள் அவற்றுக்குள்தான். அவற்றைத் திருகாதீர்கள். அவை தானாகக் கெடுவது அரிது, பெரும்பாலும் திருகிய கைதான் கெடுக்கிறது, அப்புறம் அதைச் சரிக்கட்ட சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். கறுப்பு ஒயர் என்றால் மைனஸ், மைனஸ் என்றால் எர்த் (போர்டின் பொதுத் தடம்) என்று நாம் பழகியிருக்கிறோம். 60களிலும் 70களிலும் வந்த ஜெர்மேனியம் செட்டுகள் பலவற்றில் அது தலைகீழ், அங்கே எர்த் பிளஸ். ஏ.சி. 128 என்றோ ஏ.எஃப். 117 என்றோ டிரான்சிஸ்டர் மேல் எழுதியிருந்தால் பெரும்பாலும் அந்த ஜாதிதான். அதனால் என்ன என்று கேட்காதீர்கள். புது கண்டன்சர் போடும்போது எர்த் பக்கம் மைனஸ் காலை வைத்தால் இந்தச் செட்டில் அது திருப்பிப் போட்டதாகிவிடும். அடாப்டர் மாட்டி பிளஸ் மைனஸ் மாறினால் ஒரு நொடியில் டிரான்சிஸ்டர்கள் போய்விடும், அவை இன்று லேசில் கிடைப்பதில்லை. எனவே எர்த் எது என்று ஊகிக்க வேண்டாம். செல் பெட்டியில் போட்டிருக்கும் குறியைப் பார்த்து, அந்த ஒயர் போர்டில் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்து போங்கள். கழற்றும் முன் பழைய கண்டன்சர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று செல்போனில் படம் எடுங்கள். பழசிலிருந்த பிளஸ் இடத்தில்தான் புதுசின் பிளஸ். அடாப்டரே வேண்டாம், செல்லிலேயே ஓட்டுங்கள், இரைச்சலும் குறையும்.

இப்போது அந்தக் கிட் விவகாரம். கிட் போடுவது என்றால் அப்பாவின் ரேடியோவைக் குடலை உருவிவிட்டு, கூட்டுக்குள் மலிவு பண்பலை போர்டு ஒன்றை ஒட்டுவது. டயல் நூல் ஓடாது, முள் நகராது, கழற்றிய கேங் (ஸ்டேஷன் மாற்றும் கண்டன்சர்), ஃபெரைட் ராடு, டிரான்சிஸ்டர் எல்லாம் அவர்களிடமே நின்றுவிடும், அதைத் தனியாக விற்றுவிடுவார்கள். "பார்ட்ஸ் கிடைக்காது" என்பதும் முழு உண்மை இல்லை. கண்டன்சரும் வால்யூம் கண்ட்ரோலும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளுக்குப் போர்டை மாற்றத்தான் தெரிகிறது, பழுதைத் தேடக் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கிட்காரரைவிட மோசமானவர்கள் வீடு தேடி வருகிறவர்கள். பழைய ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்பார்கள், பூண்டை வைத்துச் சோதிப்பார்கள், கண்ணாடியில் உருவம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், கடைசியில் 'பார்ட்டி வந்து டெஸ்ட் பண்ணணும்' என்று உங்களிடமே முன்பணம் கேட்பார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது. உங்கள் செட்டுக்குள் இருப்பது செம்பு, ஈயம், பிளாஸ்டிக், கடுகளவு ஜெர்மேனியம், அவ்வளவுதான். பணம் கேட்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் இன்னொரு செட் உதிரிக்காக வாங்கப் போனாலும், இந்தக் கதை சொல்லி விலை ஏற்றுகிறவரிடம் நிற்காதீர்கள்.

எனக்குத் திரும்ப எழுதுவதற்கு முன் ஒரு அளவு மட்டும் எடுத்து வையுங்கள். வால்யூமை 'க்ளிக்' என்று அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியரில் வைத்து, அதன் இரண்டு முனையையும் வால்யூமோடு சேர்ந்த ஆன்-ஆஃப் சுவிட்சின் இரண்டு காலில் வையுங்கள், சுவிட்சுக்குப் பதிலாக மீட்டர் வழியாக மின்சாரம் ஓடும். 10, 20 காட்டினால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் உடனே எடுத்துவிட்டு, செல்லையும் கழற்றி வைத்துவிட்டு, அந்த எண்ணையும் போர்டின் இரண்டு பக்கப் படத்தையும் அனுப்புங்கள்.