ஆட்டுக்கு முள்கம்பி வேண்டாம்

கேள்வி: ஒரு ஏக்கர் மேய்ச்சல் நிலத்தில் 30 வெள்ளாடுகள் வளர்க்கிறேன். நான்கு வரி முள்கம்பி வேலி இருக்கிறது. குட்டிகள் அதில் நுழைந்து பக்கத்துப் பயிரை மேய்ந்துவிடுகின்றன. ஒரு தாயாட்டின் மடியும் கிழிந்துவிட்டது. இரவில் நாய்த் தொல்லை வேறு. சங்கிலிப் பின்னல் வேலி, கட்டக் கம்பிவலை, சோலார் மின்வேலி ஆகியவற்றில் எதைப் போடலாம்?

பதில்: முதலில் அந்தத் தாயாட்டைக் கவனியுங்கள். மடிக்காயத்தில் ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். காம்பு கிழிந்திருந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முள்கம்பி மாட்டுக்கான வேலி. முள் குத்தினால் மாடு பின்வாங்கும். வெள்ளாடோ இடைவெளி தேடித் தலையை நுழைத்து, உடம்பையும் தள்ளிப் பார்க்கும். இன்னும் இரண்டு வரி கூட்டினால் காயம்தான் கூடும்.

நீங்கள் கேட்ட மூன்றில் கட்டக் கம்பிவலையே சரி. உயரம் 4 அடி போதும். கிடாவோ தாவும் ஆடோ இருந்தால் 5 அடி. உயரத்தைவிடக் கட்டத்தின் அளவைப் பார்த்து வாங்குங்கள். 6 அங்குலச் சதுரக் கட்டத்தில் கொம்புள்ள ஆடு தலையை எளிதாக நுழைத்துவிடும், திரும்ப எடுக்கும்போது கொம்பு மாட்டிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய ஆட்டை வெயிலும் நாயும் விட்டுவைப்பதில்லை. எனவே 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இளங்குட்டிகளுக்காகக் கீழ் 2 அடிக்கு இன்னும் நெருக்கமான வலையைச் சேர்த்துக் கட்டுங்கள்.

சங்கிலிப் பின்னலில் ஆடுகள் உரசி உரசி வலையை வெளியே புடைக்க வைத்துவிடும். கீழ் விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். அதைத்தான் போட வேண்டியிருந்தால் மேலும் கீழும் வலையை விறைப்பாக வைக்கும் இழுவைக் கம்பி கோத்துக் கட்டுங்கள். மின்வேலியை மட்டும் நம்ப வேண்டாம். புல் உரசினால் மின் அதிர்ச்சி குறையும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. ஆனால் வலைக்கு உட்புறம் ஒரு அடி உயரத்தில் ஒற்றை மின்கம்பி ஓடவிட்டால், ஆடுகள் வலைமீது கால் வைக்காது. அதற்கென உள்ள மின்வேலிக் கருவியில்தான் இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் விட்டால் மனித உயிர் போகும்.

வேலியின் பலம் மூலைத்தூணில்தான் இருக்கிறது. அதை இரண்டரை அடிக்குக் குறையாமல் புதைத்து, முட்டுக்கால் கொடுத்து, கான்கிரீட் இறுகிய பிறகே வலையை இழுங்கள். முட்டுக்கால் வேலிக்கு வெளிப்புறம் இருக்கட்டும். உள்ளே சாய்வாக இருந்தால் ஆடு அதில் ஏறித் தாண்டிவிடும். இடைத்தூண்களை 8 முதல் 10 அடிக்கு ஒன்றாக நடுங்கள். வலையைத் தூணின் உட்புறத்தில் கட்ட வேண்டும். அப்போதுதான் ஆடு முட்டும்போது வலை தூணில் அழுந்தும், கட்டு தெறிக்காது. நாய் தோண்டி வரும் பக்கத்தில் ஒரு அடி அகல வலையை வெளிப்புறமாகத் தரையில் விரித்து, வேலியோடு இணைத்துக் கல் ஏற்றுங்கள். கதவின் அடியில் ஒரு கை நுழையும் இடைவெளிகூட வேண்டாம். தாழ்ப்பாளைக் கொக்கி போட்டுப் பூட்டுங்கள், ஆடு வாயாலேயே நெம்பித் திறந்துவிடும்.

செலவைக் குறைக்கப் பாதி நிலத்தை மட்டும் அடைக்க நினைத்தால் ஒரு கணக்கைப் பாருங்கள். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி, அரை ஏக்கருக்கு 590 அடி. நிலம் பாதியானாலும் வேலி பாதியாவதில்லை. பணம் குறைவாக இருந்தால் கொட்டகையை ஒட்டி இரவுப் பட்டிக்கு மட்டும் இந்த வேலியை முதலில் போடுங்கள். நாய் வருவது இரவில்தானே. மேய்ச்சல் நிலத்தின் வேலியைப் பிறகு பக்கம் பக்கமாக மாற்றலாம். பயிர் இருக்கும் பக்கம் முதலில் ஆகட்டும். அதுவரை பகலில் ஆடுகளோடு ஆள் இருக்க வேண்டும்.