வீட்டு ஹாலுக்குச் சிக்கலில்லாத ஒரு புது டிவி வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

கேட்டவர் தன் வீட்டைப் பற்றிச் சொல்லியிருப்பது இவ்வளவு: பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹால். இப்போது இருப்பது பழைய பெட்டி டிவி. அப்பாவும் அம்மாவும் கேபிளில் செய்தியும் சீரியலும் பார்ப்பார்கள், பிள்ளைகள் இருவருக்கும் யூடியூப், விடுமுறை நாளில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம். பட்ஜெட் 30,000 ரூபாய். கடைக்காரர் 55 இன்ச் எடுக்கச் சொல்கிறார்.

என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 43 இன்ச் 4கே டிவி ஒன்று எடுங்கள். மிச்சமாகும் பணத்தில், சாதாரண கேபிளைவிடத் தெளிவான படம் தரும் ஹெச்டி செட்டாப் பாக்ஸுக்கு மாறுங்கள். இந்தப் பணத்துக்குள் 55 இன்ச் வேண்டாம்.

கடைக்காரர் ஷோரூமில் ஓட்டிக் காட்டுவது கேபிள் படம் அல்ல. மலை, அருவி, மயில் இறகு என்று 4கேவிலேயே எடுத்த டெமோ வீடியோ. அதில் எந்த டிவியும் அழகாகத்தான் தெரியும். உங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரை ஓடப்போவது சாதாரண கேபிள் சேனல். அந்தப் படத்தில் அகலத்தில் 720 புள்ளிகள் (பிக்சல்), உயரத்தில் 576 புள்ளிகள். பெருக்கினால் நாலு லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். வருகிற ஒரு புள்ளியை வைத்து 20 புள்ளிகளை டிவி தானாக இட்டு நிரப்ப வேண்டும். விலை உயர்ந்த டிவியில் இருக்கும் சிப் இதை ஓரளவு நன்றாகச் செய்யும். 30,000 ரூபாய்க்குள் வரும் 55 இன்ச்சில் முகமெல்லாம் குழைந்து, கீழே ஓடும் செய்தி எழுத்துகளின் விளிம்பு பிசிறடித்துத் தெரியும். பெரிய திரையில் அந்தக் குறையும் சேர்ந்தே பெரிதாகும்.

அதனால்தான் செட்டாப் பாக்ஸை முதலில் மாற்றச் சொல்கிறேன். பல வீடுகளில் பார்க்கிறேன், சுவரில் புத்தம் புது 4கே டிவி இருக்கும், அதற்குப் பின்னால் பழைய பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் வரும். அந்த மூன்று ஒயரில் ஹெச்டி படம் வரவே வராது. கேபிள்காரரிடமோ டிஷ் கம்பெனியிடமோ ஹெச்டி பாக்ஸ் கேட்டு வாங்கி, படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ ஒயரில் இணைக்கச் சொல்லுங்கள். அம்மா அப்பா தினமும் பார்க்கும் நாலைந்து சேனல்களை மட்டும் ஹெச்டியில் எடுத்தால் போதும். மாதச் செலவு கொஞ்சம் கூடும். ஆனால் டிவிக்குக் கூடுதலாகப் பத்தாயிரம் போடுவதைவிட இதில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அதிகம்.

கேபிள் பார்க்கிற வீட்டுக்குத் தூரக் கணக்கும் 43க்குத்தான் ஒத்துவருகிறது. திரையின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் 4கே படம் நிறைவாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு. 43 இன்ச்சுக்கு அது ஐந்தரை அடி, 55க்கு ஏழடி. உங்கள் ஹாலில் ஏழெட்டு அடியில் உட்காருவீர்கள் என்று வைத்துக்கொண்டால் 4கே படத்துக்கு 55 தாராளமாகப் பொருந்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் கேபிள் படத்துக்கு அந்தத் தூரம் போதாது. ஓடிடி மட்டுமே பார்க்கிற, கேபிளே இல்லாத வீடாக இருந்தால் நானே 55 எடுக்கச் சொல்லியிருப்பேன், பட்ஜெட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளச் சொல்லி.

இனி 'சிக்கலில்லாத' என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். ஊரில் அம்மா அப்பாவுக்குப் புது டிவி வாங்கும்போது நான் அதிக நேரம் யோசித்தது திரையைப் பற்றி அல்ல, ரிமோட்டைப் பற்றி. வீட்டில் மூத்தவர் யாரையும் கூப்பிடாமல் தானே டிவியைப் போட்டு, தனக்கு வேண்டிய சேனலுக்குப் போக முடிந்தால்தான் அது எளிமையான டிவி. இன்றைய ஸ்மார்ட் டிவியை ஆன் செய்தால் முதலில் வருவது ஆப் படங்களும் விளம்பரங்களும் நிறைந்த முகப்பு. அதிலிருந்து ஹெச்டிஎம்ஐ 1 என்பதைத் தேடிப் பிடித்தால்தான் கேபிள் வரும். நமக்கு அது இரண்டு விநாடி வேலை. எழுபது வயதுக்காரர் தெரியாமல் ஒரு பட்டனை அழுத்திவிட்டால், பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை டிவி அப்படியே நிற்கும். பகலெல்லாம் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆன் செய்ததும் நேராக செட்டாப் பாக்ஸ் படம் வருமா? எல்ஜி, சாம்சங் டிவிகளில் முகப்பு தானாகத் திறப்பதை செட்டிங்கில் நிறுத்திவைக்கலாம். அப்புறம் கடைசியாகப் பார்த்த இணைப்பே வரும். கூகுளின் மென்பொருளான கூகுள் டிவி உள்ளவற்றில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் ஆன் ஆகும்போது எந்த இணைப்பு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. சொல்வதை நம்பாமல் உங்கள் கண் முன்னால் அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. முதல்முறை கூகுள் டிவியை அமைக்கும்போது சாதாரண டிவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு தேர்வு வரும். அதைத் தேர்ந்தெடுத்தால் ஆப், பரிந்துரை எதுவும் இல்லாமல் ஹெச்டிஎம்ஐயும் சேனலும் மட்டும் இருக்கும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அருமையான வசதி. உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு யூடியூப் வேண்டும் என்பதால் ஒத்துவராது.

அடுத்தது, இரண்டு ரிமோட் தொல்லை. பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் 'டிவி' என்று போட்டு பவர், வால்யூம், சோர்ஸ் என நாலைந்து பட்டன்கள் தனியாக இருக்கும். டிவி ரிமோட்டை அதற்கு நேராக வைத்து அந்தப் பட்டன்களைப் பழக்கிவிடலாம். கேபிள்காரரிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்து தருவார். அதன் பிறகு அம்மா கையில் ஒரே ரிமோட், அதில் எண் பட்டன்களும் இருக்கும். புது டிவிகளோடு வரும் ஒல்லி ரிமோட்டுகள் பலவற்றில் எண்களே இருப்பதில்லை, நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் பட்டன்தான் இருக்கிறது. அதை எடுத்துப் பிள்ளைகள் பக்கம் வைத்துவிடுங்கள்.

ராத்திரி படுக்கும்போது சுவிட்ச் போர்டில் அணைத்துவிடுவது நம் வீடுகளில் பழக்கம். பெட்டி டிவிக்கு அது சரி. ஸ்மார்ட் டிவியை அப்படி அணைத்தால் மறுநாள் ஒரு போன் புதிதாக ஆன் ஆவதுபோல முழுதாக எழுந்து வர நேரம் எடுக்கும். அதற்குள் 'ரிமோட் வேலை செய்யவில்லை' என்று எல்லாப் பட்டனையும் அழுத்திவிடுவார்கள். ரிமோட்டில் மட்டும் அணைத்துவையுங்கள். அந்த நிலையில் டிவி எடுப்பது பொதுவாக அரை வாட் அளவுதான். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரு யூனிட்கூட ஆகாது. ஓடும்போது 80 வாட் எடுக்கும் டிவியைத் தினமும் ஐந்து மணி நேரம் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட்தான். துல்லியமாக வேண்டுமென்றால் டிவியில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் கதை வேறு. இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், கேபிள் அல்லது டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வந்து ஹெச்டிஎம்ஐ போர்ட்டைத் தாக்கலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தனி ஸ்டெபிலைசர் பெரும்பாலான டிவிகளுக்குத் தேவைப்படாது. பின்பக்க ஸ்டிக்கரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தை டிவியே தாங்கும். மின்னழுத்தத் திடீர் உயர்வைத் தடுக்கும் நல்ல ஸ்பைக் கார்டு ஒன்று போதும்.

திரை வகைகளில் க்யூஎல்இடி என்று போட்டு விலை ஏற்றுவார்கள். அதுவும் பின்னால் விளக்கு எரியும் அதே எல்சிடி திரைதான், நிறம் தெளிவாக வர ஒரு படலம் சேர்த்திருப்பார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காக உங்கள் பட்ஜெட்டைத் தாண்ட வேண்டாம். படத்தின் வெளிச்சமான இடத்தையும் இருண்ட இடத்தையும் நன்றாகப் பிரித்துக் காட்டுவதுதான் ஹெச்டிஆர். இந்த விலையில் அப்படி எழுதியிருப்பதும் அதே கதைதான். அதைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் அந்தத் திரைகளில் இருக்காது.

அதைவிட நீங்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டுக் கோணம். நம் ஹாலில் எல்லோரும் நேர் எதிரே சோபாவில் வரிசையாக உட்காருவதில்லை. அப்பா மூலையில் சாய்வு நாற்காலியில், அம்மா சமையலறை வாசலில், பிள்ளைகள் தரையில் பாய் போட்டு. ஐபிஎஸ் வகைத் திரையில் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. விஏ வகையில் நேராகப் பார்த்தால் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ஓரத்திலிருந்து பார்த்தால் முகம் வெளிறும். விற்பவருக்கே எது எந்த வகை என்று தெரியாமல் இருக்கலாம். நீங்களே கடையின் ஓரத்துக்குப் போய் நின்று பாருங்கள், குனிந்தும் பாருங்கள். டெமோவை நிறுத்திவிட்டு ஒரு செய்தி சேனலைப் போடச் சொல்லுங்கள். கேபிள் இல்லையென்றால் பென் டிரைவில் ஒரு பழைய பாட்டுக் காட்சியைக் கொண்டுபோங்கள். இதைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம், போடுவது உங்கள் பணம்.

பிள்ளைகளின் யூடியூப்புக்கு 2 ஜிபி ராம் (ஆப் ஓடும்போது டிவி பயன்படுத்தும் நினைவகம்) இருந்தால் நல்லது. 1 ஜிபி உள்ளவை இன்று ஓடினாலும் இரண்டு வருடத்தில் திணறும். அதிகம் கேள்விப்படாத பிராண்டுகளில் வெறும் 'ஆண்ட்ராய்டு' என்று மட்டும் எழுதி, கூகுளின் அனுமதி இல்லாத மென்பொருளைப் போட்டு விற்பதுண்டு. அவற்றில் நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை சரியாக ஓடாமல் போகலாம். கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். டிவியின் மென்பொருள் சில வருடங்களில் மந்தமானால் அதற்காக டிவியை மாற்ற வேண்டியதில்லை, யூடியூப் போன்ற ஆப்களை ஓட்டும் ஒரு சின்ன ஸ்டிக் வாங்கி ஹெச்டிஎம்ஐயில் செருகினால் போதும். இதற்காகவே மூன்று ஹெச்டிஎம்ஐ போர்ட் உள்ளதாக எடுங்கள். ஒன்று பாக்ஸுக்கு, ஒன்று ஸ்டிக்குக்கு. டிவியின் ஒலியை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று எழுதிய மூன்றாவது, சவுண்ட்பார் என்ற தனி ஸ்பீக்கருக்கு. மெல்லிய டிவியில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கும், வசனம் தெளிவில்லாமல் கேட்கும். அப்பாவுக்குக் காது மந்தமென்றால் அந்த மூன்றாவது போர்ட் பின்னால் கட்டாயம் உதவும்.

விலை விசாரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளின் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப் பட்டியலையோ வீடியோவையோ வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். 30,000க்குள் பெரிய கம்பெனியின் அடிப்படை மாடலும் கிடைக்கும், சின்னக் கம்பெனியின் ஆடம்பர மாடலும் கிடைக்கும். நான் முதலாவதைத்தான் எடுப்பேன். காரணம் சர்வீஸ். திரை உடைந்தாலோ கோடு விழுந்தாலோ புதுத் திரை மாற்றும் செலவு கிட்டத்தட்டப் புது டிவி விலைக்கு வந்துவிடும். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு வருட வாரண்டிக்கு மேல் நீட்டித்துத் தருவதாகச் சொன்னால், அது கம்பெனி தருவதா, கடை தருவதா, திரைக்கும் சேர்த்தா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் வீடுகளில் டிவியை ரொம்ப உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்தும் வலிக்கும், விஏ திரையாக இருந்தால் நிறமும் மங்கும். 43 இன்ச் திரையின் உயரம் ஒன்றே முக்கால் அடிதான். இரண்டடி உயர மேசையில் வைத்தால் திரையின் நடு தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடியில் வரும். பாயில் இருப்பவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்கும் அது பொது உயரம். ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் வைக்காதீர்கள், பகலில் உங்கள் ஜன்னல்தான் திரையில் தெரியும்.

பெட்டி வந்ததும் நீங்களே பிரிக்க வேண்டாம், கம்பெனி ஆள் வந்து பிரிக்கட்டும், அதைப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இருக்கும்போதே படத்தை 'விவிட்' என்ற கண்கூசும் நிலையிலிருந்து 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்ட்' நிலைக்கு மாற்றுங்கள். அசைவை வழுவழுப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள், இல்லையென்றால் சினிமாகூட சீரியல்போலத் தெரியும். ஆன் செய்ததும் கேபிள் வரும்படி வைத்துவிட்டு, அம்மாவையே இரண்டு முறை போட்டு அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

பழைய பெட்டி டிவியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களா என்று கடையில் கேளுங்கள். நூறு இருநூறுதான் கழிப்பார்கள் என்றாலும் கொடுத்துவிடுங்கள். அந்தக் கண்ணாடிக் குழாயில் ஈயம் இருக்கிறது. மாடியில் போட்டுவைத்து, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது உடையக் கூடாது.