புரதமே தராத எக்ஸிஸ்ட் ஆர்.என்.ஏ. ஒரு குரோமோசோமையே எப்படி அடக்குகிறது?

கேள்வி: மதுரையில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். எக்ஸிஸ்ட் ஆர்.என்.ஏ. எப்படி வேலை செய்கிறது? எங்கள் கல்லூரி லேபில் அதைப் பார்க்க முடியுமா?

பதில்: பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு; அவற்றில் ஒன்று அடக்கப்படுகிறது. அதைத் தொடங்கிவைப்பது எக்ஸிஸ்ட். ஆனால் அது தானாக எதையும் அடக்குவதில்லை. அடக்கும் புரதங்களைச் சரியான குரோமோசோமுக்குக் கூட்டி வருவதுதான் அதன் வேலை.

1991இல் கண்டறியப்பட்ட இதன் மரபணு மனித எக்ஸின் நீளக் கையில் இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் நீளம் 17,000 நியூக்ளியோடைடுகளுக்கு மேல். புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் எம்.ஆர்.என்.ஏ. போலவே இன்ட்ரான்கள் (இடையில் வரும் வேண்டாத துண்டுகள்) நீக்கப்பட்டு, முனையில் பாலி-ஏ வாலும் (அடினைன்களின் தொடர்) சேர்கிறது. ஆனால் உட்கருவை விட்டு வெளியே போவதில்லை. எந்த எக்ஸில் உருவானதோ அதன்மீதே படரும், அடுத்த எக்ஸுக்குத் தாவாது.

இதன் முன்முனையில் ஏ-ரிப்பீட் என்ற பகுதி உண்டு. அதில் ஸ்பென் புரதம் வந்து ஒட்டி, எச்.டி.ஏ.சி.-3 நொதியை வேலைக்கு இழுக்கிறது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களின் அசிட்டைல் குழுக்கள் கழன்றுவிட, மரபணுக்கள் ஓய்கின்றன. ஆர்.என்.ஏ.வின் வேறொரு பகுதி பாலிகோம்ப் புரதங்களைக் கொண்டுவருகிறது. அவை ஹிஸ்டோன்களில் அடக்குமுறைக் குறிகளைப் பதிக்கின்றன. கடைசியாக டி.என்.ஏ. மெத்திலேற்றம் (டி.என்.ஏ.வில் மெத்தில் குழுக்கள் சேர்வது) பூட்டுப் போடுகிறது. அதன்பின் எக்ஸிஸ்டை நீக்கினாலும் பெரும்பாலான மரபணுக்கள் உடனே விழித்துக்கொள்வதில்லை.

2002இல் எலிச் செல்களில் ஏ-ரிப்பீட்டை மட்டும் வெட்டிப் பார்த்தார்கள். ஆர்.என்.ஏ. குரோமோசோம் முழுக்கப் படர்ந்தது; மரபணுக்கள் அடங்கவில்லை. படர்வது வேறு, அடக்குவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேர்வில் இதை எழுதுங்கள். 'எக்ஸ் முழுதும் அடங்கும்' என்று மட்டும் எழுதாதீர்கள்: மனிதரில் சுமார் 15 சதவீத மரபணுக்கள் அடங்காமல் தப்பிவிடுகின்றன.

எக்ஸிஸ்டைக் கண்ணால் காண ஆர்.என்.ஏ. ஃபிஷ் முறையும் (ஒளிரும் குறியிட்ட துணுக்கை ஆர்.என்.ஏ.வில் ஒட்டவைப்பது) ஒளிர் நுண்ணோக்கியும் வேண்டும். காமராசர் பல்கலைக்கழக உயிரியல் புலத்தில் கேட்டுப் பாருங்கள். கல்லூரி லேபில் பார்க்க முடிவது அதன் விளைவான பார் பாடி, அதாவது அடங்கிச் சுருண்ட எக்ஸ் உட்கருவில் கரும்புள்ளியாகத் தெரிவது. வாயைக் கொப்பளித்த பின் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டுங்கள். முதல் சுரண்டலில் பாக்டீரியாவும் செத்த செல்களும்தான் அதிகம், அதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை ஸ்லைடில் தேயுங்கள். ஈரம் காயும் முன் 95 சதவீத எத்தனாலில் 20 நிமிடம். சித்திரை வெயிலில், மின்விசிறிக்கடியில், ஸ்லைடு நொடியில் காய்ந்துவிடும். காய்ந்தால் உட்கரு சிதைந்து எல்லாமே கருந்திட்டாகத் தெரியும். அசிட்டோ-ஆர்சீன் சாயமிட்டு 100எக்ஸ் எண்ணெய் லென்சில், உட்கருச் சவ்வை ஒட்டிய புள்ளிகளை மட்டும் எண்ணுங்கள். 100 உட்கருவாவது வேண்டும். எல்லாச் செல்லிலும் தெரியாது, அது பிழையல்ல. ஒப்பிட ஓர் ஆணின் ஸ்லைடு வையுங்கள்; ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் வழக்கமாகப் பார் பாடி இராது.

ஸ்லைடில் யார் பெயரையும் எழுதாதீர்கள், எண் மட்டும் போதும். டர்னர் (பெண்ணுக்கு ஒரே எக்ஸ்), க்ளைன்ஃபெல்டர் (ஆணுக்குக் கூடுதல் எக்ஸ்) போன்ற நிலைகள் இந்தச் சோதனையில் தற்செயலாக வெளிப்படக்கூடும். ஒருவருடைய அந்தரங்கம் வகுப்பறையில் அம்பலமாகக் கூடாது.