மோடம் கனெக்ட் ஆகுது, பிங் போகல: டீஃபால்ட் ரூட்டைப் பாருங்க

பாஸ், லினக்ஸ்ல மோடம் வழியா டயல் பண்ணா பிபிபி0-க்கு (அந்த டயல் கனெக்‌ஷனோட பேர்) ஐபி அட்ரஸ் வந்துடுது ஆனா வெளிய ஒரு பிங் (அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்குற சோதனை) கூட போகலைன்னு சொல்றீங்க, கூடவே லேன் கார்டுக்கு 192.168.1.1-னு கேட்வே (வெளிய போற வாசல்) வேற குடுத்திருக்கீங்க, பிரச்சனையே அங்கதான். கேட்வே குடுத்தா டீஃபால்ட் ரூட், அதாவது வெளிய போற டேட்டாவுக்கான பொதுப் பாதை, லேன் கார்டு பக்கம் போயிடும். ஏற்கனவே அப்படி ஒண்ணு இருந்தா பிபிபிடி (டயல் கனெக்‌ஷனை நடத்துற புரோகிராம்) அதைத் தொடாது, லாக்ல "நாட் ரீப்ளேசிங் எக்ஸிஸ்டிங் டீஃபால்ட் ரூட்"னு ஒரு வரி போட்டுட்டு சும்மா இருந்துடும். மாம்பலத்துல எங்க வீட்ல இதுக்காக ரெண்டு ராத்திரி மோடத்தையே சந்தேகப்பட்டு கேபிளைக் கழட்டிக் கழட்டி மாட்டினேன், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

"ரூட் -என்" அடிங்க. 0.0.0.0-ல ஆரம்பிக்கிற வரியோட கடைசில ஈத்0-னு (உங்க லேன் கார்டு) இருக்கும், அது பிபிபி0-னு இருக்கணும். அட்மின் யூசரா போய் "ரூட் டெல் டீஃபால்ட்", அப்புறம் "ரூட் ஆட் டீஃபால்ட் பிபிபி0" குடுத்து பாருங்க. இப்ப பிங் போச்சுன்னா லேன் செட்டிங்ல அந்த கேட்வே வரியையே தூக்கிடுங்க, பக்கத்து ரூம் கம்ப்யூட்டரோட பேச கேட்வே தேவையே இல்ல, பிபிபி ஆப்ஷன்ஸ்ல "டீஃபால்ட்ரூட்" இருக்கான்னும் பாத்துக்கோங்க. நம்பருக்கு பிங் போய் பேருக்கு போகலைன்னா அது டிஎன்எஸ் (பேரை நம்பரா மாத்துற சேவை) பிரச்சனை, அதே பிபிபி ஆப்ஷன்ஸ்ல "யூஸ்பியர்டிஎன்எஸ்" சேருங்க. ஃபைல் எடிட் பண்றப்போ போன் லைனைக் கட் பண்ணிடுங்க, இல்லன்னா கால் மீட்டர் ஓடிட்டே இருக்கும்.