கணவருக்குப் புற்றுநோய், எனக்கு ஏன் பிபி ஏறுகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், வயது 47. என் வீட்டுக்காரருக்கு வாய்ப்புற்று. வாரம் 5 நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். எனக்குத் தூக்கமே இல்லை, தலைசுற்றல், முதுகுவலி. பிபி 160/100 இருக்கிறது. பிபி, சர்க்கரை மாத்திரைகளை நினைவு வந்தால் போடுகிறேன். முதுகுவலிக்கு மெடிக்கலில் வாங்கி தினமும் போடுகிறேன். எல்லாம் கவலையால்தான் என்கிறான் மகன். அப்படியா?

பதில்: கவலைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் ‘கவலைதானே’ என்று விட்டுவிடக் கூடாது. மாதக்கணக்கில் பதற்றத்திலேயே இருந்தால் அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்களின் சுரப்பு தாறுமாறாகிறது. அதனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், தூக்கம் கலையும். காயம் ஆறுவதுகூடத் தாமதமாகும். 1995-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். அது ஆற, மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. அங்கே நோய் வேறு, ஆனால் பராமரிப்பவர் படும் பாடு இதேதான்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த முதுகுவலி மாத்திரை. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிபியை ஏற்றும். பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். சர்க்கரை உள்ளவர் தினமும் போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். இன்றே நிறுத்துங்கள். வலி தாங்காத நாளில் பாரசிட்டமால் போதும். கணவரைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள்.

தலைசுற்றலுக்கு பிபி மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். காலையில் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நீங்கள் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு ஓடும் நாட்களில் சர்க்கரை சட்டென்று இறங்கியிருக்கலாம். 2 இட்லியாவது சாப்பிட்ட பிறகு மாத்திரை போடுங்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்துப் போட வேண்டாம்.

இந்த வாரமே பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உங்கள் பெயரில் ஒரு சீட்டு போடுங்கள். பிபி, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), இசிஜி பார்க்க வேண்டும். அங்கே இல்லாத பரிசோதனைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தூக்கத்துக்கு நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, “அவரு எப்படி இருக்காரு?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பும் சொந்தக்காரர்களில் ஒருவரை வாரத்தில் 2 இரவு அவருக்குத் துணையாக இருக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்க நம் பெண்களுக்கு வாய் வராது என்று தெரியும். கேளுங்கள். மனம் மிகவும் உடைந்துபோனால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நெஞ்சு இறுகினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அன்றைக்கு அடையாறுக்கு அவரை உங்கள் மகன் அழைத்துப் போகட்டும்.